பெருசாப் போட்டா தப்புங்களா?

கோவைக்கு வெளியே ஒரு ஃபவுண்டரி. டஸ்ட் கலெக்டர் ப்ளோயரை ஓட்டும் 50 எச்.பி. மோட்டார் பதினான்கு மாதத்தில் இரண்டாவது தடவையாக எரிந்திருந்தது. நான் போனபோது ஃபோர்மேன் ஸ்டார்டர் பேனலின் கதவைத் திறந்து, கிரகப்பிரவேசத்துக்கு வந்தவருக்குப் புது வீட்டைச் சுற்றிக் காட்டுவது போல ஒவ்வொன்றாகக் காட்டினார். "முன்னாடி 35 ஸ்கொயர் கேபிள் இருந்துச்சுங்க சார், 95 ஆக்கிட்டோம். பிரேக்கர் 125 இருந்துச்சு, 250 மாத்தியாச்சு. ரிலேகூட யாரோ சின்னதாப் போட்டிருந்தாங்க, அதையும் பெருசாக்கிட்டோம். இதுக்கு மேல என்னங்க பண்றது?"

அவர் வருத்தம் நியாயமானது. பணத்துக்குக் கணக்குப் பார்க்காமல் செய்திருந்தார்கள். ஆனால் அந்தப் பேனலின் முன்னால் பத்து நிமிடம் நின்றதும் எனக்குப் புரிந்தது, மோட்டாரைக் கொன்றதே அந்தப் "பெருசு"கள்தான் என்று. அவரிடம் அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டுக் கேட்டார்: "பெருசாப் போட்டா தப்புங்களா?"

இந்தக் கேள்வியை இருபது வருடமாக வெவ்வேறு குரல்களில் கேட்டுவருகிறேன். "ஒரு சைஸ் கூட்டிப் போடு" என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத, ஆனால் பாதிப் பேனல்களை ஆளுகிற விதி. கேபிள் கடைக்காரர் சொல்வார், கான்ட்ராக்டர் சொல்வார், ரீவைண்டிங் கடைக்காரர் சொல்வார், ஒன்றும் தெரியாத முதலாளியின் மச்சானும் சொல்வார். சொல்பவருக்கு இதில் நஷ்டமே இல்லை. கூட்டிப் போட்டு எரிந்தால் "இன்னும் ஒரு சைஸ் கூட்டியிருக்கணும்" என்று சொல்லிவிடலாம்.

இந்தக் கட்சியின் வாதத்தை அதன் பலத்தோடேயே எடுத்துவைக்கிறேன். கேபிள் ஒரு தடவை செலவு, லைன் நின்றால் தினமும் செலவு. நம் ஊர் வெயில் அட்டவணை எழுதியவனுக்குத் தெரியாது. நாளைக்கு இன்னொரு மெஷின் வரும். வோல்டேஜ் ஒரு நாள் போல ஒரு நாள் இருப்பதில்லை. இத்தனை நிச்சயமின்மைக்கு நடுவில் புள்ளி வைத்துக் கணக்குப் போடுவதைவிடக் கையைத் தாராளமாக வைப்பதே புத்திசாலித்தனம். இதில் பாதி சரி. அந்தப் பாதியைப் பிறகு நானே ஒத்துக்கொள்கிறேன்.

தப்பு எங்கே தொடங்குகிறது என்றால், "பெருசு" என்ற ஒரே சொல்லைக் கேபிளுக்கும் பிரேக்கருக்கும் ரிலேக்கும் பொதுவாகப் பயன்படுத்துவதில். கேபிளில் பெருசு என்றால் தாங்கும் திறன் கூடுகிறது. பிரேக்கரிலும் ரிலேயிலும் பெருசு என்றால் பொறுத்துப்போகும் அளவு கூடுகிறது. முன்னது வண்டியின் அச்சைக் கனமாக்குவது, பின்னது பிரேக்கைத் தளர்த்துவது. இரண்டையும் ஒரே மூச்சில் செய்துவிட்டு "எல்லாமே ஸ்ட்ராங்" என்று கதவைச் சாத்துகிறோம்.

மோட்டார் சர்க்யூட்டில் காவல் இரண்டு பேர் கையில் இருக்கிறது. பேனல் தலையில் இருக்கும் எம்.சி.சி.பி.யோ எச்.ஆர்.சி. ஃபியூஸோ ஷார்ட் சர்க்யூட்டுக்கு. ஸ்டார்டரில் காண்டாக்டருக்குக் கீழே தொங்கும் ஓவர்லோட் ரிலே, மெதுவாக ஏறும் சுமைக்கு. மோட்டார் கிளம்பும்போது நேரடி ஸ்டார்டரில் ஆறேழு மடங்கு கரண்ட் இழுக்கும். அதற்கு விழாமல் இருக்க பிரேக்கரைக் கொஞ்சம் பெரிதாகத்தான் வைக்க வேண்டும், கேபிளின் ரேட்டிங்கைவிடக்கூட அது பெரிதாக இருக்கலாம். அது தப்பில்லை. ஏனென்றால் கேபிளின் ஓவர்லோடையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது ரிலே. ரிலே ஒழுங்காக இருக்கிறவரை இந்த ஏற்பாடு நிற்கும். ரிலேயில் கைவைத்தால் மோட்டார், கேபிள் இரண்டும் ஒரே நேரத்தில் அநாதை.

அந்த ஃபவுண்டரியில் நடந்தது அதுதான். 50 எச்.பி., அதாவது 37 கிலோவாட் மோட்டாரின் நேம்பிளேட்டில் 66 ஆம்ப் என்று இருந்தது. ஸ்டார்டரோ ஸ்டார்-டெல்டா. அதில் முதலில் இருந்த ரிலேயின் வரம்பு 30 முதல் 50 ஆம்ப். "66 ஆம்ப் மோட்டாருக்கு 50 ஆம்ப் ரிலேயா? அதான் விழுந்துட்டே இருக்குது" என்று யாரோ கண்டுபிடித்து, 45 முதல் 75 வரை உள்ள ரிலேயை வாங்கி மாட்டி, முள்ளை அழகாக 66-இல் வைத்திருந்தார்கள். பார்த்தால் நேம்பிளேட்டோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. கண்ணுக்கு இதைவிட ஒழுங்கான தப்பு கிடைக்காது.

ஸ்டார்-டெல்டாவில் ரிலே பெரும்பாலும் லைனில் உட்காருவதில்லை, மெயின் காண்டாக்டருக்குக் கீழே, மோட்டாரின் வைண்டிங்குகளோடு தொடராக உட்காருகிறது. டெல்டாவில் லைன் கரண்ட் இரண்டு வைண்டிங்குகளுக்குப் பிரிவதால் ஒவ்வொரு வைண்டிங்கிலும் லைன் கரண்டில் 58 சதவீதம்தான் ஓடும். 66-இல் 58 சதவீதம் 38. ஆகவே ஸ்டார்டர் செய்தவர் 30-50 ரிலே வைத்தது கஞ்சத்தனமோ கவனக்குறைவோ இல்லை. 38-இல் முள்ளை வைக்கத்தான் வைத்தார். வைண்டிங்கில் 66 ஓடினால் லைனில் 114 ஆம்ப் ஓடுகிறது என்று பொருள். புது ரிலே வாயைத் திறக்க யோசிக்கவே 114 ஆம்ப் வேண்டும். மோட்டார் 66-க்கு, பழைய கேபிள் அட்டவணைப்படி 86-க்கு. காவல்காரர் மட்டும் 114-க்கு அப்புறம்தான் கண் விழிப்பார்.

(சில ஸ்டார்டர்களில் ரிலே லைனிலேயே இருக்கும். அங்கே முழு 66 வைக்க வேண்டும். ரிலே எங்கே இருக்கிறது என்று வயரைப் பிடித்துப் பார்க்காமல் போனில் செட்டிங் கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.)

சரி, பழைய ரிலே ஏன் விழுந்துகொண்டே இருந்தது? இந்தக் கேள்வியை அப்போது ஒருவரும் கேட்கவில்லை. லாக் புத்தகத்தைப் புரட்டினால் அந்த வாரங்களில் டாங் டெஸ்டரில் எடுத்த அளவு இருந்தது: 80 ஆம்ப். மோட்டார் 66-க்கு, ஓடுவது 80. வைண்டிங்கில் 46, செட்டிங் 38, ஏறத்தாழ 1.2 மடங்கு. ரிலேக்கான தரநிர்ணயம் சொல்வது என்ன? செட்டிங்கின் 1.05 மடங்கில் இரண்டு மணி நேரம் விழக்கூடாது. 1.2 மடங்கில் இரண்டு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை விழுந்துகொண்டிருந்த அந்த ரிலே, புத்தகத்தில் எழுதியபடி வேலை செய்திருக்கிறது.

80 ஆம்ப் எங்கிருந்து வந்தது? பேக் ஃபில்டரில் பைகள் கிழிந்திருந்தன. சென்ட்ரிஃபியூகல் ப்ளோயரில் காற்று அடைத்தால் லோடு ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே கதை நேர்மாறு. வழி அடைத்தால் காற்று குறையும், கரண்டும் குறையும். தடை விலகினால் காற்று பாயும், கரண்ட் ஏறும். கிழிந்த பை வழியாகக் காற்று தாராளமாகப் போனது, மோட்டார் அதற்கு உழைத்தது, கூடவே மணல் தூசி ஊருக்குள் போனது. ரிலே சொன்னது மோட்டாரைப் பற்றி மட்டுமில்லை, பையைப் பற்றியும்தான். கேட்டிருந்தால் பத்துப் பை மாற்றுகிற செலவோடு போயிருக்கும். ரிலேயை மாற்றினார்கள். நான்கு மாதத்தில் மோட்டார் எரிந்தது. பிரித்த காயில்கள் மூன்று ஃபேஸிலும் ஒரே மாதிரி கருகியிருந்ததாக ரீவைண்டிங் செய்தவர் சொன்னார். ஓவர்லோடின் கையெழுத்து அது.

கரண்ட் 20 சதவீதம் கூடினால் "கொஞ்சம்தானே" என்று தோன்றும். சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறுகிறது. 1.2-ஐ 1.2-ஆல் பெருக்கினால் 1.44, அதாவது காயிலில் பிறக்கும் வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. இன்சுலேஷனின் ஆயுள் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பட்டறையில் எல்லோரும் சொல்லும் பழைய கணக்கு. இருபது வருடம் ஓட வேண்டிய காயில் சில மாதங்களில் தன் வயதை முடித்துக்கொள்ள இது போதும்.

"ஸ்டார்ட் பண்ணும்போதே விழுதுங்க, ஏத்தாம என்ன பண்றது" என்பது இன்னொரு வழக்கமான சமாதானம். கிளம்பும்போது விழுவது வேறு செய்தி, ஓடும்போது விழுவது வேறு செய்தி. கனமான இம்பெல்லர் உள்ள ப்ளோயர் முழு வேகத்துக்கு வர பதினைந்து இருபது வினாடி எடுக்கும். சாதாரண கிளாஸ் 10 ரிலே 7.2 மடங்கு கரண்டில் நான்கிலிருந்து பத்து வினாடிக்குள் விழும்படி செய்யப்பட்டது. அதற்கு மருந்து கிளாஸ் 20 அல்லது 30 ரிலே. ஓடும் கரண்டுக்கான காவல் அதே அளவில் இருக்கும், கிளம்பும்போது மட்டும் பொறுமை கூடும். கடையில் கேட்டால் கிடைக்கிற சாமான்தான். ஆனால் திருகாணியைத் திருப்புவது இலவசம் என்பதால் யாரும் கேட்பதில்லை.

எதிர்க்கட்சிக்கு ஒரு நல்ல ஆயுதத்தை நானே தருகிறேன். ரிலே சரியாக இருந்தும் எரிந்த மோட்டார்கள் உண்டு. ரிலேக்குத் தெரிந்தது கரண்ட் மட்டும். மோட்டாரின் ஃபின்களில் தூசி அப்பிக் காற்றோட்டம் நின்றுபோனால் கரண்ட் ஏறாமலே மோட்டார் வெந்துபோகும். டிரைவில் மெதுவாக ஓட்டினால் மோட்டாரின் சொந்த விசிறியும் மெதுவாகச் சுற்றும், அங்கேயும் அதே கதை. ஆனால் இதற்குத் தீர்வு ரிலேயைக் கழற்றுவது ஆகாது. ரீவைண்டிங் செய்யும்போதே ஒரு ஃபேஸுக்கு ஒன்றாக மூன்று தெர்மிஸ்டர் காயிலுக்குள் வைத்துக் கட்டச் சொல்லலாம். ரீவைண்டிங் கூலியோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு கண்ணிலேயே படாது.

பிரேக்கருக்கு வருகிறேன். இங்கே "பெருசு" செய்யும் வேலை ரிலேயில் செய்வதைவிடப் பயங்கரமானது, ஏனென்றால் நடப்பது கண் எதிரே இல்லை, முந்நூறு மீட்டர் தள்ளி.

எல்லா ஆலைகளிலும் இருக்கும் காட்சி: கடைக்கோடியில் ஒரு பம்ப் ஹவுஸ். மெயின் பேனலிலிருந்து 300 மீட்டர், 35 ஸ்கொயர் அலுமினியம் பி.வி.சி. ஆர்மர்டு கேபிள். பேனலில் காலியாக இருந்தது ஒரு 400 ஆம்ப் பிரேக்கர். "சும்மாதானே கெடக்குது, அதுலயே குடுத்துடு." பம்ப் ஹவுஸில் இரண்டு ஃபேஸ் தொட்டுக்கொண்டால் என்ன ஆகும்? 35 ஸ்கொயர் அலுமினியத்துக்குக் கிலோமீட்டருக்கு 0.868 ஓம். 300 மீட்டருக்கு 0.26, போக வர 0.52. 415 வோல்ட்டை இதால் வகுத்தால் ஏறத்தாழ 800 ஆம்ப். டிரான்ஸ்ஃபார்மரின் தடை, கேபிள் சூடாகி ஏறும் தடை எல்லாம் சேர்த்தால் இன்னும் குறையும். பிரேக்கரின் உடனடி ட்ரிப் பத்து மடங்கில், 4,000 ஆம்பில் இருக்கிறது. 800 ஆம்ப் அதற்கு ஷார்ட் சர்க்யூட்டாகவே தெரியாது, இரண்டு மடங்கு ஓவர்லோட் போலத் தெரியும். அதன் தெர்மல் பகுதி யோசித்து முடிக்கச் சில நிமிடங்கள் ஆகும்.

கேபிளுக்குச் சில நிமிடங்கள் கிடையாது. அலுமினியம் பி.வி.சி. கேபிள் ஒரு வினாடிக்குத் தாங்கும் ஷார்ட் சர்க்யூட் கரண்ட், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 76 ஆம்ப். 35-க்கு 2,660. 800 ஆம்பில் எத்தனை வினாடி என்றால், 2,660-ஐ 800-ஆல் வகுத்து வர்க்கப்படுத்த வேண்டும்: 11 வினாடி. அதற்குள் உள்ளே 160 டிகிரி. அப்புறம் பிரேக்கர் யோசித்துக்கொண்டிருக்க, ஃபியூஸ் வேலையைக் கேபிளே பார்க்கும், முந்நூறு மீட்டர் நீளமுள்ள ஃபியூஸாக.

"அதுக்குத்தான் கேபிளைப் பெருசாப் போடச் சொல்றோம்" என்று இந்த இடத்தில் கை தூக்குவார்கள். போட்டுப் பார்ப்போம். 95 ஸ்கொயருக்குக் கிலோமீட்டருக்கு 0.32 ஓம். போக வர 0.192. கரண்ட் ஏறத்தாழ 2,160. தாங்கும் திறன் 95 பெருக்கல் 76, அதாவது 7,220. வகுத்து வர்க்கப்படுத்தினால் 11 வினாடி! அதே 11. முதல் தடவை இதைப் போட்டபோது கால்குலேட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். யோசித்தால் சரிதான். கேபிள் பருத்தால் தாங்குவது எவ்வளவு கூடுகிறதோ அதே அளவில் அதன் வழியாகப் பாயும் ஃபால்ட் கரண்டும் கூடுகிறது. நீளம் மாறாதவரை கேபிளுக்குக் கிடைக்கும் அவகாசம் மாறாது. கேபிளைப் பருமனாக்கியதில் கிடைக்கும் ஒரே ஆதாயம், ஃபால்ட் கரண்ட் பெரிதாகி பிரேக்கரின் கண்ணுக்குத் தெரிய வாய்ப்பு கூடுவது. 2,160-ஐக்கூட அந்த 400 ஆம்ப் பிரேக்கர் 4,000-இல் உட்கார்ந்துகொண்டு உடனே பார்க்காது. அதே இடத்தில் 100 ஆம்ப் பிரேக்கர் ஐந்து மடங்கு காந்த ட்ரிப்போடு இருந்தால், பழைய 35 ஸ்கொயரின் 800 ஆம்புக்கே கண்ணிமைக்கும் நேரத்தில் விழும். ஸ்டார்-டெல்டாவில் கிளம்பும் 50 எச்.பி. பம்புக்கு வழியும் விடும். பணம் கொட்டிக் கேபிள் மாற்றாமல், சின்ன பிரேக்கர் செய்கிற காரியம்.

இப்படித் தீப்பிடித்தால் மறுநாள் பேப்பரில் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். "மின்கசிவே தீ விபத்துக்குக் காரணம் என முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது." மின்கசிவு என்ற சொல்லைக் கண்டுபிடித்தவருக்குக் கோயில் கட்டலாம். ஏதோ ஓட்டைக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவது போல மின்சாரம் தானாகக் கசிந்து பஞ்சு மூட்டையைப் பற்றவைத்துவிட்டது, யாரும் ஒன்றும் செய்யவில்லை. தளர்ந்த லக், மிதமிஞ்சிய லோடு, தப்பான பிரேக்கர், உயர்த்திவைத்த ரிலே எல்லாவற்றுக்கும் ஒரே போர்வை.

இப்போது நான் ஒத்துக்கொள்வதாகச் சொன்ன பாதி. அந்த ஃபவுண்டரியில் பழைய 35 ஸ்கொயர் போதாதுதான். ஐ.எஸ். 3961 அட்டவணையில் அதற்குக் காற்றில் 86 ஆம்ப் என்று இருக்கும். அதை மட்டும் பார்த்து 66-க்கு 86 தாராளம் என்று முடித்துவிட்டார் முதலில் போட்டவர். அந்த 86 காற்று 40 டிகிரியில் இருக்கும்போது, கேபிள் தனியாக இருக்கும்போது. இங்கே கேபிள் ட்ரே கூரைத் தகடுக்கு அடியில், மத்தியானம் 50 டிகிரி. 70 டிகிரி வரை போகக்கூடிய பி.வி.சி.க்கு 50 டிகிரி சூழலில் கிடைக்கும் விகிதம் 0.82. அதே ட்ரேயில் ஆறு கேபிள் ஒன்றையொன்று ஒட்டிப் படுத்திருக்கின்றன, அதற்கு ஏறத்தாழ 0.73. 86-ஐ இரண்டாலும் பெருக்கினால் 51. மோட்டாருக்கு வேண்டியது 66. கேபிள் கையில் தொட முடியாதபடி சுட்டது என்று ஃபோர்மேன் சொன்னது பொய்யில்லை.

ஆனால் இதைத் திருப்பிப் போட்டிருந்தால் விடையும் கிடைத்திருக்கும். 66-ஐ 0.82-ஆலும் 0.73-ஆலும் வகுத்தால் 110. அட்டவணையில் 50 ஸ்கொயருக்கு 105, போதாது. 70 ஸ்கொயருக்கு 130, சரி. 70 போதும், 95 தேவையில்லை. தூரம் கூடினால் வோல்டேஜ் டிராப்புக்காக இன்னும் பெரிதாகப் போட வேண்டிவரும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். மோட்டாரின் டார்க் வோல்டேஜின் வர்க்கத்தில் விழும், கிளம்பும்போது பத்து சதவீதம் வோல்டேஜ் போனால் டார்க்கில் பத்தொன்பது சதவீதம் போகும். மின்கட்டணத்துக்காகவும் பெரிதாகப் போடலாம். 66 ஆம்பை 100 மீட்டருக்கு 35 ஸ்கொயரில் கொண்டுபோனால் கேபிளிலேயே ஏறத்தாழ 1,350 வாட் சூடாகப் போகிறது, 70 ஸ்கொயரில் ஏறத்தாழ பாதி. வருடத்துக்கு 6,000 மணி நேரம் ஓடும் மில்லில் இந்த மிச்சம் 4,000 யூனிட்டுக்குக் கிட்ட வரும். இவை எல்லாம் கணக்கிட்டுப் பெரிதாக்கியவை. கணக்குக்குப் பயந்து பெரிதாக்குவது வேறு.

அப்படிப் பெரிதாக்கினால் கேபிள் எங்கே போய் உட்காரும் என்று யாரும் பார்ப்பதில்லை. ஸ்டார்டரின் இன்கமிங் டெர்மினல் 35 ஸ்கொயருக்குச் செய்தது. 95 ஸ்கொயர் கேபிள் அதற்குள் நுழையாது. எலக்ட்ரீஷியன் என்ன செய்திருந்தார்? கட்டிங் பிளேயரை எடுத்து, வெளிச்சுற்றில் இருந்த அலுமினிய நரம்புகளைப் பாதிக்கு மேல் நறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை முறுக்கி, லக் இல்லாமலே துளையில் சொருகித் திருகியிருந்தார். தரையில் பேனலுக்கு அடியில் அந்த நறுக்குகள் இன்னும் கிடந்தன, வாழைத்தண்டு நார்க் கீற்று மாதிரி. 95 ஸ்கொயருக்குக் காசு கொடுத்து வாங்கி, கடைசி இரண்டு அங்குலத்தில் அதை 35-க்கும் கீழே ஆக்கியிருக்கிறார். அலுமினியம் காற்றுப் பட்டதும் மேலே ஆக்ஸைடு தோல் போர்த்திக்கொள்ளும், அந்தத் தோல் கரண்டைக் கடத்தாது. அழுத்தத்தில் மெல்ல நெகிழ்ந்து கொடுக்கும், திருகு தானாகத் தளரும். தளர்ந்தால் சுடும், சுட்டால் மேலும் தளரும். மஞ்சள் ஃபேஸின் டெர்மினல் கன்னங்கரேலென்று உருகி, நரம்பு கழன்று தனியாக நின்றது.

இரண்டாவது தடவை எரிந்த காயிலைப் பிரித்தபோது ஒரு ஃபேஸின் காயில்கள் மட்டும் கரியாகி, மற்ற இரண்டும் வார்னிஷ் வாசனை மாறாமல் இருந்தன. டெல்டா மோட்டார் சிங்கிள் ஃபேஸில் ஓடி எரிந்தால் இப்படித்தான் இருக்கும். கிழிந்த பைகளை இதற்குள் வருட மராமத்தில் மாற்றிவிட்டதால் ப்ளோயர் அப்போது 61 ஆம்பில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஃபேஸ் அறுந்ததும் மிச்ச இரண்டு லைனிலும் 1.73 மடங்கு, ஏறத்தாழ 105 ஆம்ப். அதில் மூன்றில் இரண்டு பங்கு, 70 ஆம்ப், ஒரே வைண்டிங்கில். அந்த வைண்டிங் தாங்குவது 38. புது ரிலேயின் செட்டிங் 66. 70-ஐ 66-ஆல் வகுத்தால் 1.06. இரண்டு மணி நேரம் விழக்கூடாது என்று தரநிர்ணயம் சொல்லும் 1.05-க்கு மயிரிழை மேலே. ஃபேஸ் போனதை உணரும் அமைப்பு பைமெட்டல் ரிலேக்களில் உண்டுதான், ஆனால் அதுவும் செட்டிங்கை ஒட்டியே வேலை செய்யும். செட்டிங் 38-இல் இருந்திருந்தால் அது 1.84 மடங்கு. கிளாஸ் 10 ரிலே 1.5 மடங்குக்கே நான்கு நிமிடத்துக்குள் விழ வேண்டும்.

ஆக, பெருசாக்கிய ரிலே மோட்டாரை முதல் தடவை எரித்தது. அதைக் கேபிளின் குற்றம் என்று நினைத்துப் பெருசாக்கிய கேபிள் டெர்மினலை எரித்து ஃபேஸைப் பிடுங்கியது. பெருசாக்கிய ரிலே அதைப் பார்க்காமல் இரண்டாவது தடவையும் மோட்டாரை விட்டுக்கொடுத்தது. 250 ஆம்ப் பிரேக்கர் இதில் ஒன்றும் செய்யவில்லை. அட்டவணைப்படி 155 ஆம்ப் தாங்கும் அந்த 95 ஸ்கொயர் கேபிளின் தலையில் உட்கார்ந்துகொண்டு, தன் முறைக்குக் காத்திருந்தது.

"இந்தக் கணக்கெல்லாம் கன்சல்டன்ட்டுக்குங்க, எங்களுக்கு எங்க நேரம்" என்பார்கள். மேலே நான் போட்டவற்றில் பெருக்கலும் வகுத்தலும் ஒரு வர்க்கமும் தவிர வேறென்ன இருந்தது? 50 எச்.பி. மோட்டாரின் கரண்ட் என்ன என்று கேட்டால் "எச்.பி.க்கு 1.4" என்று ஹெல்ப்பர் பையன்கூட மனக்கணக்கில் 70 என்பான், நேம்பிளேட்டுக்கு மிக அருகில். பைக்காரா மின்சாரம் 1930-களில் கோவை மில்களுக்கு வந்த நாளிலிருந்து மூன்று தலைமுறை மோட்டாரோடு புழங்கிய ஊர் இது. பம்ப் செட்டின் ஹெட்டையும் பைப் சைஸையும் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிற ஆட்களுக்கு 0.58 கஷ்டம் என்று நான் நம்பத் தயாரில்லை.

அன்றைக்குச் செய்தது இவ்வளவுதான். 95 ஸ்கொயரை எடுக்கவில்லை, வாங்கியாகிவிட்டது, இருக்கட்டும். நறுக்கிய நுனியைத் தள்ளிவிட்டுப் புதிதாகச் சீவி, பேஸ்ட் தடவி, முழு நரம்போடும் லக் கிரிம்ப் செய்து, ஸ்டார்டருக்குப் பக்கத்தில் ஒரு பஸ்பார் பெட்டி வைத்து அதில் இறக்கினோம். அங்கிருந்து டெர்மினலுக்குப் பொருந்துகிற காப்பர் கேபிள் கொடுத்தோம். 250-ஐ எடுத்துவிட்டு 125. ரிலே வாங்க ஆளை டவுன்ஹால் கடைக்கு அனுப்பலாம் என்று ஃபோர்மேன் சொன்னார். அதற்குள் ஸ்டோர்ஸ் பையன் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துவந்தான். முதலில் கழற்றிய 30-50 ரிலே. மேலே வெள்ளை டேப் ஒட்டி, மார்க்கரில் "ஃபால்ட்" என்று எழுதியிருந்தது. டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்த்தேன், டக்கென்று விழுந்தது. ரீசெட் செய்து மாட்டி, முள்ளை 38-இல் வைத்தோம். ரீவைண்டிங்கிலிருந்து மோட்டார் வந்து ஓட்டிய அன்று லைனில் 61 ஆம்ப். ஷிப்ட் முடியும்வரை ரிலே ஒரு தடவைகூட விழவில்லை. அந்த வெள்ளை டேப்பை மட்டும் ஃபோர்மேன் நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார், பாதிதான் வந்தது.